அப்பாவின் வண்டிக்கு ஒரு பிஸ்டன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. "இங்கு அனைவரும் நலம்" என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். பள்ளியில் சொல்லிக்கொடுத்த வரி. இந்தத் தடவையும் கை தானாக அதை எழுதிவிட்டது. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "நான் அனுப்பின பிஸ்டனாலயா?" என்று கேட்டாய். பிறகு உன் பக்கம் ஏதோ இரைச்சல். பிறகு அதுவும் இல்லை. நான் போனைக் காதில் வைத்தபடி வெகுநேரம் நின்றிருந்தேனாம், அம்மா சொன்னாள். எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியாததா? பட்டம் வாங்க மேடை ஏறியபோது நன்றி என்று சொல்லக்கூட வாய் திறக்காதவள் நான். அன்றிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. அம்மா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உன் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று காலை அப்பா எப்போதும்போல் பேக்கரியிலிருந்து ரொட்டிப் பெட்டியை எஞ்சின் வைத்த சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். மேட்டுத் தெருக்களில் கொடுத்து முடித்து, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார். எஞ்சின் ஒரு மாதிரி கத்தியது, அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டது என்று அங்கே இருக்கும் தையற்கடைக்காரர் சொன்னார். சக்கரம் இழுபட்ட கறுப்புக் கோடு சாலையில் இருந்தது. அப்பா நடுச்சாலையில் விழுந்தார். பின்னால் வந்த லாரியால் நிறுத்த முடியவில்லை. லாரிக்காரர் மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவரும் வந்திருந்தார். நம் வாசலில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.

வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடி கொஞ்சம் திரும்பியிருந்தது, அம்மா முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் பிடித்து நேராக்கிவிட்டாள். கிளட்சைப் பிடித்துக்கொண்டால் சக்கரம் உருள்கிறது. விட்டால் நின்றுவிடுகிறது. உள்ளே என்னவோ கடித்துக்கொண்டு கிடக்கிறது.

நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். ஆய்வகத்தில் பிள்ளைகள் சோதனை முடித்துவிட்டுப் போனதும் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைக்கிறேன். தலைமை ஆசிரியை இன்னும் சில நாள் விடுப்பு எடுத்துக்கொள் என்றார். வீட்டில் என்ன செய்வது என்று தெரியாததால் வேண்டாம் என்றேன். எதிர்வீட்டு அத்தை, "படிச்ச பொண்ணு பாரு, கல்லு மாதிரி நிக்குது, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று அம்மா கேட்டால்தான் யோசிக்கிறேன்.

அம்மாதான் இப்போது ரொட்டி கொண்டுபோகிறாள். நீ அதிர்ச்சியடையாதே. மோட்டார் ஓடாத அதே வண்டியில், எஞ்சின் சங்கிலியைக் கழற்றிவிட்டு, மிதித்துக்கொண்டு போகிறாள். சமதளத் தெருக்களில் சிரமமில்லை. மேட்டுத் தெருக்களில் இறங்கித் தள்ளுகிறாள். ரொட்டி போய்ச் சேர நேரமாகிவிடுகிறது. பேக்கரி முதலாளி நல்லவிதமாகத்தான் சொன்னார், "மேட்டுப் பக்கத்தை மாசக் கடைசியோட வேற ஆளுக்குக் குடுத்துடறேன்மா, நீங்க கீழ்த்தெருவ மட்டும் பாத்துக்கங்க" என்று. "ஏன், ஏத்தத்துல இருக்கிறவங்க என் கையால ரொட்டி வாங்கித் தின்னா ஜீரணம் ஆகாதா?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டாராம். ஆனால் மாசக் கடைசி என்பதை மாற்றிச் சொல்லவில்லை. மேட்டுத் தெருக்கள் போய்விட்டால் பாதி வாடிக்கை போய்விடும். எஞ்சினைச் சரிசெய்து தானே ஓட்டப் போகிறேன் என்று அம்மா ஒரே பிடியாக இருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறோம். காது மந்தமாகி எல்லாவற்றையும் உரக்கவே பேசுவதால் ஊரே "சத்தம்" என்று கூப்பிடுமே, அவர்தான். திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருந்தாலும் உனக்கு எழுதுகிறேன். உன் மனசுக்காக மாற்றி எழுத மாட்டேன்.

போனை எடு அண்ணா. பேச வேண்டாம். எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உன் தங்கை

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை. "எஞ்சினைத் திறக்காதே, அப்படியே பழைய இரும்புக் கடையில் போட்டுவிடு" என்று நீ அனுப்பிய செய்தி வந்தபோது, எஞ்சின் நம் பின்படியில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் திறந்து கிடந்தது. நீ எதற்குப் பயந்தாய் என்று எனக்குத் தெரியும். இதை முழுவதும் படி. நடுவில் நிறுத்திவிடாதே.

சத்தம் மெக்கானிக் வந்து தலைப்பாகத்தைக் கழற்றி, சிலிண்டரை உருவ முயன்றார். வரவில்லை. மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டித்தான் வந்தது. வந்ததும், "ரிங்கு ஒடஞ்சிருக்கு!" என்று ஒரு கத்து கத்தினார். எதிர்வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஓசை நின்றுவிட்டது. அம்மா, "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கண்ணே" என்றாள். "மெதுவாத்தாம்மா சொல்றேன்!" என்று அதற்கும் கத்தினார். அப்பா இருந்திருந்தால் அன்றைக்கு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது.

உடைந்தது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். அதன் ஒரு நுனி முறிந்து, துண்டு பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டியிருந்தது. பிஸ்டனின் ஒரு பக்கம் எலி கடித்ததுபோல் இருந்தது. நீ அனுப்பிய பிஸ்டன்தான். மேலே இருக்கும் அம்புக்குறி புகைபோகும் பக்கம் பார்க்கச் சரியாக மாட்டியிருந்தார் அப்பா. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போது உனக்கு என்ன எழுதப்போகிறேன் என்று யோசித்தேன்.

சிலிண்டரைக் கழுவித் தரச் சொன்னார். மண்ணெண்ணெயில் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கம் சூடு ஆற வரிசையாகத் தகடுகள் இருக்கிறதல்லவா, அதில் ஒன்றின் மூலை உடைந்திருந்தது. விரல் அங்கே போய் நின்றது. நீ முதன்முதலில் அந்த எஞ்சினைப் பிரித்தபோது கைதவறிப் படியில் போட்டு உடைத்தாயே, அந்த மூலை. அப்பா திட்டுவார் என்று நீ வெளிறி நின்றாய். அவரோ, "பரவால்ல விடு, பல்லு போன கிழவன் மாதிரி இருக்கான்" என்று சொல்லி, அன்றிலிருந்து அதற்குப் பொக்கைவாய் என்றே பேர் வைத்துவிட்டார்.

அண்ணா, வண்டியில் இருந்தது அதே பழைய சிலிண்டர், பொக்கைவாய். நீ பிஸ்டனோடு அனுப்பிய புதுச் சிலிண்டர் அதில் இல்லை.

எழுந்து உள்ளே போய் அம்மாவிடம், புதுசு எங்கே என்று கேட்டேன். அம்மா துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். பிறகு அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டு, விரிப்புகளுக்கு அடியிலிருந்து எடுத்தாள். எண்ணெய்த் தாள்கூடப் பிரிக்காமல், நீ அனுப்பிய அதே அட்டைப்பெட்டியில் இருந்தது. பிஸ்டன் இருந்த குழி மட்டும் காலி.

அப்பா சொன்னாராம்: "பழசுல ஒரு கீறல்கூட இல்ல. எதுக்கு ரெண்டையும் ஒரேயடியாத் தேய்க்கிறது? இப்போதைக்குப் பிஸ்டனை மாத்திக்கலாம். சிலிண்டர் இருக்கட்டும். பையன் வரும்போது அவன் கையால மாட்டட்டும்."

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நீ அனுப்பிய இரண்டு விரிப்பில் ஒன்று இன்னும் உறையில்தான் இருக்கிறது. சோப்பை நூல் வைத்து அறுத்துப் பாதியைத்தான் வெளியே வைப்போம். என் கல்லூரி முதல்நாளுக்குப் புதுப் பை வாங்கினால் பழைய செருப்பு, புதுச் செருப்பு வாங்கினால் பழைய பை. நம் வீட்டில் எதையும் ஒரே நாளில் முழுசாகப் புதிதாக்கியதில்லை. "செருப்பை மட்டும்தான் உங்கப்பா ரெண்டையும் சேத்துப் போடுவாரு, ஒத்தைச் செருப்போட நடக்க முடியாதேன்னு" என்று நீ இங்கே இருந்தபோது அம்மாவே கேலி பேசுவாள். அந்த மனிதர் பெட்டியில் இரண்டு பொருளைப் பார்த்தால் ஒன்றை எடுத்து வைக்காமல் என்ன செய்வார்?

ஆனால் இவை இரண்டும் ஜோடி. அதைத்தான் நான் பார்த்து உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஆய்வகத்திலிருந்து வெர்னியர் அளவுகோலைக் கேட்டு வாங்கி வந்தேன். அகலம் அளந்தால் பழையதிலும் புதியதிலும் பிஸ்டன் சரியாகத்தான் உட்காருகிறது. அகலத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், அப்பாவும் பார்த்திருப்பார். வளையம் சுற்றிக்கொள்ளாமல் இருக்க அதன் பள்ளத்துக்குள் ஒரு குட்டி ஆணி இருக்கிறது. வளையத்தின் இரண்டு நுனியும் அந்த ஆணியில்தான் சந்திக்கும். அந்த இடத்துக்கு எதிரே சிலிண்டரில் முழுச் சுவர் இருக்க வேண்டும். பெட்ரோல் வருவதற்கோ புகை போவதற்கோ சுவரில் வெட்டியிருக்கும் ஜன்னல் இருக்கக் கூடாது. இருந்தால் பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் நுனி ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். சில நாள் ஓடும். ஒரு நாள் விளிம்பில் மாட்டிக்கொள்ளும்.

பொக்கைவாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆணிக்கு எதிரே ஜன்னல். அதன் விளிம்பில் புதிதாக ஒரு வெட்டு. உன் புதுச் சிலிண்டரில் அந்த எலி கடித்த பிஸ்டனையே வைத்துப் பார்த்தேன். ஆணிக்கு எதிரே சுவர், வழவழவென்று, அதை ஒட்டி எந்தப் பக்கமும் ஜன்னல் இல்லை. மூன்று தடவை பார்த்தேன். மெக்கானிக்கும் பார்த்தார். அவர் அப்போது கத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நீ அனுப்பியதில் தப்பில்லை. ஒரே பெட்டியில் வந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகவே இருந்தன. உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

இதை எழுதக் கூடாது என்றாள் அம்மா. "கல்லு தடுக்கி விழுந்தாருன்னு எழுதிடு. கஞ்சத்தனத்துல போயிட்டாருன்னு பெத்த பிள்ளையே நெனைக்கணுமா?" என்றாள். கல் என்று எழுதினால் அவன் நம்பமாட்டான், காலம் முழுக்கப் பிஸ்டனையே நினைத்துக்கொண்டிருப்பான் என்றேன். இவ்வளவு நீளமாக நான் அம்மாவிடம் பேசிப் பல நாளாகியிருந்தது. அம்மா விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினாள். அப்புறம், "எழுதறதுன்னா முழுசா எழுது. அரைகுறையா எழுதாத. அவன் கையால மாட்டட்டும்னு சொன்னாரே, அதையும் சேத்து எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். இது உனக்கு ஆறுதலா, இன்னும் பாரமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இப்போது எதுவும் சரியாகத் தெரியவில்லை. எத்தனை தடவை கழுவியும் கையில் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை என்பதுதான் தெரிகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் எழுத முடியாவிட்டால் வெற்றுத் தாளையாவது அனுப்பு.

இப்படிக்கு,
தங்கை

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. கடைசியில் நீ போனை எடுத்துவிட்டாய். நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீ மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. "ரெண்டு ஊமையும் சேந்து யாருக்கு மௌன விரதம் இருக்குதுங்க? குடு இப்படி" என்று அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு போனாள். நீங்கள் பேசியதில் எனக்கு அம்மாவின் பாதிதான் கேட்டது. நீ வண்டியை ஓட்டக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அம்மா, "அவரு அரைவேலையா விட்டதை நான் முழுசாப் பண்ணிட்டு ஓட்டுறேன். அதுக்கு மேல ஆனா ஆகட்டும்" என்றாள். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் வெகுநேரம் குழாயைத் திறந்து விட்டிருந்தாள். நான் உள்ளே போகவில்லை.

புதுச் சிலிண்டர் இருக்கிறது. அதற்குப் பிஸ்டன் வேண்டும். போன வாரம் நானே உதிரிபாகக் கடைக்குப் போனேன். உனக்குச் சிரிப்பு வரும். வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "யாராச்சும் வரணுமாம்மா? வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து நில்லுங்க" என்றார். நான் பையிலிருந்து சிலிண்டரை எடுத்து மேசைமேல் வைத்தேன். "அப்பா அனுப்பினாரா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

"சைக்கிள் எஞ்சின்தானே, எல்லாம் ஒரே சைஸ். கண்ண மூடிட்டு மாட்டலாம்" என்று சொல்லி, பெட்டி பெட்டியாகப் பிஸ்டன்களை அள்ளி வைத்தார். கண்ணைத் திறந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அகலம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். மேசைமேல் நிறுத்தி வைத்தால் உயரம்கூட ஒன்றுதான். ஆனால் நடுவில் குறுக்குத்தண்டு போகும் ஓட்டை ஒன்றில் மேலே இருக்கிறது, இன்னொன்றில் கொஞ்சம் கீழே இருக்கிறது. அது மாறினால் பிஸ்டன் உள்ளே போய்த் தலைப்பாகத்தில் இடிக்கும், இல்லாவிட்டால் உச்சிக்கு எட்டாமலேயே திரும்பிவிடும். ஓட்டை பொருந்தியதில் ஆணி வேறு இடத்தில் இருந்தது. ஆணி பொருந்தியதில் ஓட்டை வேறு இடத்தில். அளந்துகொண்டே இருந்தேன். "என்னம்மா, மாப்பிள்ளை பாக்கிற மாதிரி பாக்கறீங்க?" என்றார். எல்லாம் அளந்து முடித்தபோது ஒரே ஒரு பிஸ்டன் எல்லாவிதத்திலும் பொருந்தியது. சிலிண்டருக்குள் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆணிக்கு எதிரே சுவர்.

அதை வாங்கவில்லை அண்ணா. கையில் வைத்திருந்தேன். அவர் தாளில் சுற்றத் தொடங்கினார். அப்போது வேண்டாம் என்று சொன்னேன். கடையில் நான் சத்தமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அவருக்குக் கோபம். இவ்வளவு நேரம் பார்த்துவிட்டு வேண்டாமா என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, எல்லாப் பெட்டியையும் அது அது இருந்த இடத்தில் அடுக்கி வைத்துவிட்டு வந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று வீடு வரும்வரை எனக்கே விளங்கவில்லை. பொருந்தும் பிஸ்டன் கையில் இருந்தது, மாசக் கடைசியும் நெருங்கிவிட்டது. வாங்கி வந்து சத்தம் மெக்கானிக்கிடம் கொடுத்தால் ஒரே மாலையில் வேலை முடிந்துவிடும். அம்மாவிடம் வந்து சொன்னபோது திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா திட்டவில்லை. "அவனே பாத்து எடுக்கட்டும்" என்றாள். மறுநாள் முதலாளியிடம் போய் மேட்டுத் தெருக்களை இன்னும் கொஞ்ச நாள் தன்னிடமே விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "என் பிள்ளை பிஸ்டன் பாத்துக்கிட்டு இருக்கான். அதுவரைக்கும் தள்ளிக்கிட்டே போறேன். நேரத்துக்குப் போய்ச் சேரும், அதுக்கு நான் பொறுப்பு" என்றாளாம். இப்போது இன்னும் முன்னதாகவே கிளம்பிவிடுகிறாள். நானும் கூடப் போகிறேன். ஏற்றத்தில் நான் பின்னாலிருந்து பெட்டியைத் தள்ளுகிறேன். மேட்டுத் தெருவில் ஒரு பாட்டி நேற்று என்னிடம் ரொட்டி வாங்கிக்கொண்டு, "நீ அவரு பொண்ணா? மூக்கு அப்படியே இருக்கு" என்றாள். திரும்பி வரும் வழியில் தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் நாங்கள் இருவரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினோம். அங்கே அம்மா என் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. பல நாளுக்குப் பிறகு எனக்கு ஒன்று சூடாக இருப்பது தெரிந்தது.

அளவுகளைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். படமும் போட்டிருக்கிறேன். ஓட்டை எங்கே, ஆணி எங்கே, அம்பு எந்தப் பக்கம் எல்லாம் இருக்கிறது. உன் கண்ணுக்கு அது தேவைப்படாது என்று தெரியும். முதல் தடவையும் நீ சரியாகத்தான் எடுத்தாய்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லக் கடைசியாக இதை எழுதுகிறேன். "நல்லா இரு. ஒடம்பப் பாத்துக்க. நீ பாத்து எடுத்த பிஸ்டனை மாட்டினாத்தான் நான் ஓட்டுவேன், வேற யாரு எடுத்தாலும் ஏற மாட்டேன்." தபாலில் மட்டும் போட்டுவிடாதே என்கிறாள் அம்மா. வழியில் தூக்கிப் போட்டு உடைத்துவிடுவார்களாம், கையில்தான் கொண்டுவர வேண்டுமாம்.

பிஸ்டன் அப்படியெல்லாம் உடையாது என்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் தங்கை